ஆராய்ச்சிக் கல்வியின் வாயில்

திருமயம் மலைக்கோட்டையின்மேல் ஏறி நின்றால், வடக்குத் திசையில் இருப்பது புதுக்கோட்டை. தெற்குத் திசையில் இருப்பது காரைக்குடி. இரண்டும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளவை. வடக்கு நகரில் பழம்புகழ் வாய்ந்த மன்னர் கல்லூரி இருக்கிறது. தெற்கு நகரில் அழகப்பா பல்கலைக் கழகம் இருக்கிறது. அதே ஊரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடமும் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்துத் தம் ஊருக்கு வரவழைத்த கூடம் அது. 1948-இல் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். ஆகவே, திருமயம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த மாணவனுக்கோ மாணவிக்கோ, நாடறிந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்று பேருந்தில் ஏறி இறங்கும் தொலைவிலேயே இருக்கிறது. ஆனால் அந்த மாணவன் ஊரின் ஒதுக்குப்புறத்தில் ஆதிதிராவிடர் குடியிருப்பில் பிறந்தவனானால், அவனுக்கும் அந்த நிலையத்துக்கும் இடையில் உள்ள வழி இன்னும் சற்று நீளமானது. அந்த நீளம் எங்கிருந்து வருகிறது, அதைக் குறைப்பது எவ்வாறு என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மாணவ நண்பர்களே, கல்லூரிக் கல்வியில் நம் மாநிலம் பெற்றிருக்கும் வளர்ச்சியை முதலில் சொல்லிவிட வேண்டும். 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் தொகையோடு ஒப்பிட்டு உயர்கல்விச் சேர்க்கையைக் கணக்கிடும் வழக்கம் உண்டு. 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி நாடு முழுமைக்கும் அந்த விகிதம் நூற்றுக்கு 28.4; தமிழ்நாட்டுக்கு 47. தாத்தா கையெழுத்துப் போடத் தெரியாதவராகவும், தந்தை எட்டாம் வகுப்போடு நின்றவராகவும், மகள் முதுகலைப் பட்டம் பெற்றவளாகவும் இருக்கும் குடும்பங்கள் இன்று நம் மாவட்டத்திலேயே பல. இது சிறிய செயலன்று.

ஆனால் படியின் உச்சியில் நிலைமை வேறு. அதே ஆண்டில் இந்தியாவில் உயர்கல்வி பயின்றோர் 4.33 கோடிப் பேர். அவர்களுள் முனைவர் பட்ட ஆராய்ச்சியில் இருந்தோர் ஏறத்தாழ 2.1 இலட்சம் பேரே. இருநூறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி. ஐ.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கழகங்களில் 2015 முதல் 2019 வரை முனைவர் பட்டப் படிப்பில் சேர்க்கப்பட்டவர்களின் கணக்கை அரசு நாடாளுமன்றத்தில் வெளியிட்டது. சட்டப்படி பட்டியல் வகுப்பினர்க்கு உரிய பங்கு நூற்றுக்கு 15, சேர்ந்தவர்கள் 9.1. பழங்குடியினர்க்கு உரிய பங்கு 7.5, சேர்ந்தவர்கள் 2.1. சட்டம் இருக்கிறது; பங்கு எழுதப்பட்டிருக்கிறது; விண்ணப்பப் படிவத்தில் அதற்கெனக் கட்டமும் இருக்கிறது. அப்படியிருந்தும் இடம் நிரம்பவில்லை.

"தகுதியானவர்கள் வரவில்லை" என்று இதற்கு ஒரு விடை சொல்லுவார்கள். அந்த விடையை ஏற்றுக்கொள்வதற்கு முன், வாயில் எவ்வாறு அமைந்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

நம் மண்ணின் பழைய நிகழ்ச்சி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று உலகம் அறிந்தவர். தாயார் இசை வேளாளர் மரபினர். தந்தையார் கல்வித்துறையில் இருந்த அந்தணர். இப்பெண் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆண்கள் பயிலும் இடத்தில் ஒரு பெண்ணா என்றனர் சிலர். அதிலும் இந்தக் குலத்துப் பெண்ணா என்றனர் வேறு சிலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். அம்மையார் 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார். சட்ட மேலவையின் துணைத் தலைவரானார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார்.

அம்மையாரைவிட ஓராண்டு இளையவர் திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி. அவரும் மன்னர் கல்லூரியில் பயின்றவரே. அவர் அங்கே சேர்வதற்கு எந்த மன்னரும் ஆணையிட வேண்டியிருக்கவில்லை. கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. (பின்னாளில் தேவதாசி முறை ஒழிப்பு மசோதாவை அம்மையார் கொண்டுவந்தபோது அதை எதிர்த்துப் பேசியவர்களுள் சத்தியமூர்த்தியும் ஒருவர் என்பது வரலாற்றின் விந்தை.) ஒரே ஊர்ப்புறம், ஒரே தலைமுறை, ஒரே கல்லூரி. ஒருவருக்கு வழக்கமாகக் கிடைத்தது மற்றொருவருக்கு விதிவிலக்காகக் கிடைத்தது.

விதிவிலக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். டாக்டர் அம்பேத்கர் 1913-இல் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்துக்குச் சென்றதும் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் தந்த உபகாரச் சம்பளத்தினால்தான். அரசர் ஒருவரின் நல்லெண்ணம் ஒரு முத்துலட்சுமியை உருவாக்கிற்று. இன்னோர் அரசரின் நல்லெண்ணம் ஓர் அம்பேத்கரை உருவாக்கிற்று. ஆனால் அரசரின் கண்ணில் படாதவர் எத்தனை பேர்? நல்லெண்ணத்தை நம்பிக் கல்வியை நடத்த முடியாது என்பதை நன்கு உணர்ந்தவர் அம்பேத்கர். பத்தாம் வகுப்புக்கு மேல் பயிலும் பட்டியல் வகுப்பு மாணவர்க்கான அரசாங்க உபகாரச் சம்பளத் திட்டம் 1944-இல் தொடங்கியது. அவர் அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார்.

நல்லெண்ணத்தின் இடத்தில் விதியை வைத்ததில் சென்னை மாகாணம் முந்தியது. நீதிக் கட்சியின் ஆட்சியில் 1921-இல் பிறந்த வகுப்புவாரி அரசாணையின் வழிவந்ததே கல்லூரிச் சேர்க்கைக்கான பங்கீடு. மருத்துவக் கல்லூரியிலும் பொறியியற் கல்லூரியிலும் ஒவ்வொரு 14 இடங்களையும் ஓர் அலகாக வைத்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அன்று ஹரிஜனங்கள் எனப்பட்டோர்க்கு 2, ஆங்கிலோ-இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பகிர்ந்தார்கள். இப்பங்கீடு செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சண்பகம் துரைராசன் வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. அவ்வாண்டிலேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, 15-ஆவது பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்குப் பின் வந்தவை நீங்கள் அறிந்தவை: 1993-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், அதன் 69 விழுக்காடு, மத்திய நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சட்டம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பதினான்கு இடங்களை ஓர் அலகாக வைத்த அந்த முறை, இடங்கள் நிறைய இருக்கும் படிப்புக்கு ஏற்றது. நூறு இடங்களுள்ள இளங்கலை வகுப்பில் 18 விழுக்காடு என்றால் 18 பேர்; ஐயத்துக்கு இடமில்லை. பட்டியலை மதிப்பெண் வரிசையில் ஒட்டுகிறார்கள். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆராய்ச்சிப் படிப்பில் நடப்பது வேறு. அங்கே வகுப்பறை கிடையாது. நெறியாளர் என்னும் பேராசிரியர் ஒருவரும் அவரிடம் சிலரும். பல்கலைக் கழக மானியக் குழுவின் விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே காலத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறிப்படுத்தலாகாது. பழையவர்கள் பட்டம் பெற்று வெளியேறினால்தான் புதிய இடம் உண்டாகும். ஆகையால் ஒரு துறையில் ஓராண்டில் நான்கு இடங்கள் காலியானால் அதுவே பெரிது.

நான்கில் 15 விழுக்காடு எவ்வளவு? 0.6. நான்கில் 7.5 விழுக்காடு? 0.3. பத்தில் ஆறு பங்கு மாணவனை எவ்வாறு சேர்ப்பது? ஒரு துறை இந்த ஆண்டு நான்கு பேரைச் சேர்க்கிறது, 0.6 என்பது ஒன்றாகாது என்று விட்டுவிடுகிறது. அடுத்த ஆண்டு மூன்று பேர், 0.45, மறுபடியும் விட்டுவிடுகிறது. பக்கத்துத் துறையும் அப்படியே. இப்படிப் பத்துத் துறைகள் நான்கு நான்கு பேராக நாற்பது பேரைச் சேர்த்த பின்னர், ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவருமே இல்லாமற் போகலாம். இதில் ஒருவரும் விதியை மீறவில்லை. ஒருவர் மனத்திலும் வன்மம் இல்லை. கணக்கே அந்த வேலையைச் செய்துவிட்டது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் பழங்குடியினர்க்கு உரியது நூற்றுக்கு ஒன்று. நான்கு நான்கு இடங்களாகக் கூறுபோட்டால் அந்த ஒன்றுக்கு இருபத்தைந்து தடவை காத்திருக்க வேண்டும்!

மாற்று வழி கடினமானதன்று. துறைதோறும் கணக்கிடாமல் பல்கலைக் கழகம் முழுவதற்கும், அல்லது அறிவியல், கலை என்று பெரும் பிரிவுகளுக்கு, இடங்களைச் சேர்த்து எண்ணலாம். அல்லது ஒரு துறையின் இடங்களை ஆண்டுதோறும் புதிதாக எண்ணாமல், சென்ற ஆண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எண்ணும் சுழற்சிப் பதிவேடு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வேலை நியமனங்களில் அப்பதிவேடு நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளதே. பதிவேட்டை ஒழுங்காக எழுதிவரும் அலுவலகத்தில் 0.6 காணாமற் போவதில்லை. இரண்டாம் ஆண்டில் அது 1.05 ஆகி ஒரு மாணவரின் பெயராக மாறுகிறது.

கணக்கைவிட நுட்பமான தடை இன்னொன்று உண்டு. நம் பக்கத்துப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யவேண்டுமானால் முதலில் நெறியாளர் ஒருவரின் இசைவைப் பெறவேண்டும். அந்த இசைவை எங்கே, யாரிடம், எப்போது கேட்பது? எந்தப் பேராசிரியரிடம் இடம் காலியாக இருக்கிறது? அறிவிப்புப் பலகையில் அது இருப்பதில்லை. ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இரவு உணவின்போதே தெரிந்துவிடும். பல்கலைக் கழகத்திலேயே முதுகலை பயின்றவனுக்கு நடைக்கூடத்தில் தெரிந்துவிடும். அரசு கலைக் கல்லூரியில் பயின்று, காலையில் ஆடுமாடுகளைப் பார்த்துவிட்டுப் பேருந்தேறி வந்த பெண்ணுக்கு, கடைசி நாள் முடிந்தபின் தெரியும். ஆய்வு முன்வரைவு என்ற ஒன்றை எழுதித் தரவேண்டும் என்கிறார்கள். அவள் அப்படியொன்றைக் கண்ணால் கண்டதில்லை. இதைத் தகுதிக் குறைவு என்று பெயரிட்டு அழைப்பது முறையாகுமா? காலியிடங்களை நெறியாளர் பெயரோடு பல்கலைக் கழகம் தன் இணையதளத்திலும், தன்னோடு இணைந்த கல்லூரிகள் அனைத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒரே நாளில் வெளியிட்டால், இத்தடையில் பாதி தீரும். மாதிரி முன்வரைவு இரண்டை அதனுடன் இணைத்தால் எஞ்சிய பாதியிலும் சிறிது தீரும். செலவும் பெரிதாக ஆகாது.

இனி நேர்முகத் தேர்வு. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் வாயிலின் தாழ்ப்பாள் இருப்பது இங்கேதான்.

நேர்முகத் தேர்வைப் பற்றி நம் நீதிமன்றங்கள் பலமுறை கவலை தெரிவித்திருக்கின்றன. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண்களில் 75 நேர்முகத் தேர்வுக்கென ஒதுக்கப்பட்டிருந்த காலம் உண்டு. பெரியகருப்பன் என்னும் மாணவர் தொடுத்த வழக்கில், அது மேற்பார்வைக்கே மிகுதியாகத் தோன்றுகிறது என்று 1970-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. பத்தாண்டுகள் கழித்து, ஸ்ரீநகர்ப் பொறியியற் கல்லூரி பற்றிய வழக்கொன்று வந்தது. அங்கே எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஒவ்வொருவரையும் பார்த்த நேரமோ இரண்டு மூன்று நிமிடம். நேர்முகத்துக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வைப்பது முறையாகாது என்று நீதிபதிகள் தீர்ப்பில் எழுதினார்கள்.

ஆனால் ஆராய்ச்சிச் சேர்க்கையில் வரலாறு வேறு திசையில் ஓடியது. பல்கலைக் கழக மானியக் குழு 2016-இல் வகுத்த விதிகளின்படி, எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு ஐம்பது பெற்றவர்கள் நேர்முகத்துக்கு வரலாம்; அதன்பின் தேர்வு முழுவதும் நேர்முகத்தை மட்டுமே பொறுத்தது. நூற்றுக்கு நூறும் அந்த அறைக்குள்ளேயே! ஏறத்தாழ அதே காலத்தில் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தில் ஒரு குழு அமைத்து முந்தைய சில ஆண்டுகளின் சேர்க்கை மதிப்பெண்களை ஆராய்ந்தார்கள். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் வாய்மொழி மதிப்பெண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு, வகுப்புக்கு வகுப்பு ஒரே சீரான முறையில் மாறுவதை அக்குழு கண்டது. பாகுபாடு இருப்பதை அது காட்டுகிறது என்று கருதி, வாய்மொழித் தேர்வின் பங்கை 30-லிருந்து 15-ஆகக் குறைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதே பல்கலைக் கழகத்தில் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோர்க்குச் சில புள்ளிகள் கூடுதலாகத் தரும் நல்ல வழக்கமும் இருந்தது; ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு அது 2017-இல் நிறுத்தப்பட்டது. எதிர்ப்பு வலுத்த பின்னர், 2018-இல் மானியக் குழு விதியைத் திருத்தி, எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று வைத்தது. பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், பிற்பட்டோர் முதலியோர்க்கு எழுத்துத் தேர்வில் ஐந்து விழுக்காடு தளர்வும் தந்தது. 2024-இலிருந்து தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றாகியிருக்கிறது. அதிலும் 70-க்கு 30 என்பதே அளவு. எனினும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்ந்தவர்கள் நேர்முகத்தின் வழியாகவே உள்ளே செல்கிறார்கள்.

நேர்முகத் தேர்வையே ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நான்கைந்து ஆண்டு ஒருவரோடு ஒருவர் உழைக்கப் போகிறவர்கள் ஒருமுறையேனும் முகம் பார்த்துப் பேசத்தான் வேண்டும். எழுத்துத் தேர்வு மட்டும் போதுமென்றால், பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்ட முடிந்தவனுக்கே அது சாதகமாகும். நேர்முகம் நடக்கும் விதத்தையே நான் கேள்விக்கு உட்படுத்துகிறேன். நான் உடனிருந்து பார்த்த சில தேர்வுக் குழுக்களில் முதல் வினா பெரும்பாலும் "எந்த ஊர்?" என்பது, இரண்டாவது "தந்தையார் என்ன செய்கிறார்?" என்பது. கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். ஆனால் அவ்விரண்டு விடைகளிலிருந்து நம் நாட்டில் மூன்றாவது விடை ஒன்றை எவரும் ஊகித்துவிடுவர். அதன்பின் ஒருவரிடம் அவருடைய முதுகலை ஆய்வேட்டைப் பற்றி நிதானமாகக் கேட்பார்கள். இன்னொருவரிடம் பாடத்தின் மூலைமுடுக்கிலிருந்து எதையேனும் எடுத்து வீசுவார்கள். ஆங்கிலம் தடுமாறினால் அறிவே தடுமாறியதாகக் கொள்வார்கள். முடிவில் தலைவர் ஓர் எண்ணைச் சொல்ல, மற்றவர்கள் அதையே எழுதிக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் அமெரிக்க நாட்டைச் சிறிது பார்த்துவிட்டு வருவோம். நமக்குத் தீண்டாமைபோல அவர்களுக்கு நிறவேற்றுமை. பட்டத்துக்கு மேற்பட்ட கல்வியின் வாயிலில்தான் அங்கேயும் பெரும் போர்கள் நடந்தன. ஜார்ஜ் மக்லாரின் என்பவர் முதிர்ந்த வயதுடைய கருப்பின ஆசிரியர். 1948-இல் ஓக்லஹோமா பல்கலைக் கழகம், நீதிமன்றத்தின் வற்புறுத்தலால், கல்வியியலில் முனைவர் பட்டத்துக்கு அவரைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டு என்ன செய்தது தெரியுமா? வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில் தனியாக உட்கார வைத்தது. நூலகத்தில் மாடிப் பகுதியில் தனி மேசை. உணவுக் கூடத்தில் வேறு நேரத்தில் தனி இடம். உடன் பயில்வோரோடு கலந்து பேசவும் கருத்து மாற்றிக்கொள்ளவும் இயலாதவனுக்குக் கிடைப்பது சமமான கல்வியாகாது என்று 1950 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பள்ளிகளில் நிறப்பிரிவினை ஒழியவேண்டுமென்ற 1954-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தீர்ப்புக்கு வழி வகுத்தவற்றுள் இதுவும் ஒன்று.

அதன்பின் கதவுகள் சட்டப்படி திறந்தன. ஆயினும் இயற்பியல், வானியல் போன்ற துறைகளில் கருப்பின ஆராய்ச்சியாளர் தொகை மிகச் சிறியதாகவே இருந்தது. 2004-இல் நாஷ்வில் நகரில் ஒரு முயற்சி தொடங்கியது. அந்நகரில் இரண்டு கல்வி நிலையங்கள் உண்டு: ஒன்று ஃபிஸ்க், கருப்பின மக்களுக்காக உள்நாட்டுப் போருக்குப் பின் எழுந்த சிறிய பல்கலைக் கழகம், மற்றொன்று வாண்டர்பில்ட், செல்வமும் கூடங்களும் நிறைந்தது. மாணவர் முதலில் ஃபிஸ்கில் முதுகலை பயில்வார். அக்காலத்திலேயே வாண்டர்பில்ட் பேராசிரியர்களுடன் ஆராய்ச்சியிலும் ஈடுபடுவார். பின்னர் அங்கே முனைவர் பட்டத்துக்குச் செல்வார். முதுகலையிலிருந்து ஆராய்ச்சிக்கு ஒரு பாலம். தேர்வு முறையையும் மாற்றினார்கள். நாடெங்கும் வழங்கும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வெட்டுக்கோலாகக் கொள்ளாமல், முன்கூட்டியே எழுதி வைத்த வினாக்களை எல்லோரிடமும் கேட்டு, முன்கூட்டியே எழுதி வைத்த அளவுகோலால் மதிப்பிட்டார்கள். தோல்வி வந்தபோது என்ன செய்தாய், நெடுநாள் முயன்று முடித்த வேலை எது என்றெல்லாம் கேட்டார்கள். மூடிய அறையில் ஆளுக்கு ஆள் மாறும் பேச்சு அங்கே இல்லை. சில ஆண்டுகளில், இத்துறைகளில் கருப்பின முனைவர்களை உருவாக்குவதில் அந்நாட்டின் முன்னணி நிலையங்களுள் ஒன்றாக அது உயர்ந்தது. சேர்க்கையில் இனத்தையே ஒரு காரணமாகக் கருதலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்துவிட்டபின், இத்தகைய நடைமுறைகளின் மதிப்பு அங்கே இன்னும் கூடியிருக்கிறது.

நமக்கோ அந்தத் தடை இல்லை. பங்கீட்டுச் சட்டம் நம்மிடம் உண்டு, நடைமுறைதான் தேவை. பாலம் நமக்கும் பொருந்தாத கருத்தன்று. ஐ.ஐ.டி.களின் ஒதுக்கீடு பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழுவொன்றும் 2020-இல், ஒதுக்கீட்டு வகுப்பு மாணவர்களுக்கு இரண்டாண்டு ஆராய்ச்சி உதவியாளர் பயிற்சி தந்து முனைவர் பட்டத்துக்கு ஆயத்தப்படுத்தலாம் என்று சொல்லிற்று. (அதே குழு ஆசிரியர் நியமனத்தில் ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்றும் சொன்னது, அதை நான் ஏற்கவில்லை. நெறியாளர் நாற்காலியில் அவ்வகுப்பினர் அமராதவரை, இசைவு கேட்டு நிற்கும் வரிசை நீண்டுகொண்டே இருக்கும்.) நாஷ்வில்லில் இரண்டு நிலையங்களும் ஒரே நகரில் இருந்ததுபோல, இங்கே மன்னர் கல்லூரியிலிருந்து காரைக்குடி ஆராய்ச்சிக் கூடம் 40 கிலோமீட்டர். புதுக்கோட்டையில் வேதியியல் முதுகலை பயிலும் மாணவர் சிலர், கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அக்கூடத்தில் உதவித்தொகையோடு பணிபுரிய நிலையான ஏற்பாடு ஒன்று இருக்குமானால், நேர்முகத் தேர்வில் அவர்கள் முன்பின் அறியாதவர்களாக நிற்கமாட்டார்கள். கருவிகளின் பெயரைப் புத்தகத்தில் படித்தவருக்கும், அவற்றைக் கையால் இயக்கியவருக்கும் பேச்சிலேயே வேறுபாடு தெரியும்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பட்டியல் வகுப்பினர்க்கெனத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை 2005-06 முதல் வழங்கப்படுகிறது. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். எண்ணைக் கேட்டால் போதுமென்று தோன்றும். அது கைக்கு வருவது எந்த மாதம் என்பதே வீட்டிலிருந்து பணம் வராத மாணவனுக்கு முக்கியம். சேர்ந்த நாளில் கட்டணமும் விடுதி முன்பணமும் கேட்கிறார்கள். உதவித்தொகையோ பல மாதம் கழித்து நிலுவையோடு சேர்ந்து வருகிறது. இடையில் யாரிடம் கடன் வாங்குவது?

இளங்கலைப் படிப்பில் நிகழ்ந்ததாயினும், 2024-ஆம் ஆண்டின் வழக்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், பட்டியல் வகுப்பினன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றான். 17,500 ரூபாய் கட்டவேண்டும். ஊரார் உதவியால் பணம் சேர்ந்தபோது கெடு முடியச் சில நிமிடங்களே இருந்தன, இணையதளம் மூடிக்கொண்டது, இடம் போயிற்று. அவன் உச்ச நீதிமன்றம் வரை சென்றான். செப்டம்பர் 30-ஆம் நாள் தலைமை நீதிபதி அமர்வு, அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவின்படி தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு, அவனைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. 2021-இலும் பம்பாய் ஐ.ஐ.டி. தொடர்பாக ஏறத்தாழ இதேபோன்ற வழக்கில் ஒரு தலித் மாணவனுக்கு இடம் தரப்பட்டது. புதுக்கோட்டை மன்னரின் ஆணையைப் போலவே இவையும் மேலிருந்து வந்த ஆணைகள். உச்ச நீதிமன்றத்துக்குப் போகாதவர்களின் இடம் என்னவாயிற்று? உதவித்தொகைக்கு உரியவர் என்று சான்றிதழிலேயே தெரியும்போது, சேரும் நாளில் கட்டணம் வாங்காமல் பின்னர் உதவித்தொகையில் கழித்துக்கொள்வது ஓர் அலுவலக உத்தரவினாலேயே ஆகக்கூடியது.

முதுகலை இறுதியாண்டில் இருக்கும் நண்பர்கள், சேர்க்கை அறிவிப்பு வெளிவரும்போது வயது வரம்பையும் கடைசி நாளையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். எத்தனை இடம், எந்தத் துறையில், எந்த வகுப்புக்கு என்று அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் நேர்முக மதிப்பெண்ணும் தனித்தனியே வெளியிடப்படுமா, நேர்முகத்தில் தமிழில் விடை சொல்லலாமா என்று எழுதிக் கேளுங்கள். சென்ற ஆண்டுகளில் ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை நிரம்பின, எத்தனை காலியாக விடப்பட்டன என்பதும் நீங்கள் கேட்கக்கூடிய கேள்வியே. அறிவிப்பில் விடை இல்லையென்றால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க் கட்டணத்தோடு பல்கலைக் கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். 30 நாட்களுக்குள் அவர் விடை தரவேண்டும்.